போர்ஷன் முடியணுமா, பாடம் புரியணுமா?

கேள்வி: பாடத்திட்டம் நீளம். தேர்வுக்குள் போர்ஷனை முடிக்கவே நாள் போதவில்லை. புரியவைக்க நேரம் ஏது? (ஓர் ஆசிரியை)

எல்லாப் பாடத்துக்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்குவதை முதலில் நிறுத்துங்கள். 1/2-யும் 1/3-யும் கூட்டச் சொன்னால் 2/5 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுகிறார்கள். அதை அடித்துவிட்டுச் சரியான விடையை எழுதிப்போட ஒரு நிமிடம் போதும். "பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோம், விடை எப்படிப் பாதியைவிடக் குறைந்தது?" என்று கேட்டு யோசிக்கவிட்டால் ஒரு பீரியட் போகும். போகட்டும். விகிதம், சதவீதம், இயற்கணிதம் எல்லாம் பின்னத்தின் மேல்தான் நிற்கின்றன. தனித்து நிற்கும் பாடங்களில் அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ளலாம். சிலவற்றைப் பிள்ளைகளே படித்து வரட்டும். எது அடித்தளம், எது அப்படி இல்லை என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே குறித்து வைத்துவிடுங்கள். கடைசி மாதத்தில் உட்கார்ந்தால் கையில் கிடைத்ததை வெட்டத்தான் தோன்றும்.

கேள்வி: மகள் நல்ல மதிப்பெண் வாங்குகிறாள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் எதுவும் நினைவில் இல்லை.

எப்படிப் படிக்கிறாள் என்று பாருங்கள். தேர்வுக்கு முந்தின நாள் திரும்பத் திரும்ப வாசிக்கிறாள் என்றால் காரணம் அதுதான். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மறுபடி மறுபடி வாசித்த மாணவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, வாசிப்பைக் குறைத்துப் பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். மறுநாள் ஒருமுறை, அப்புறம் ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை. இதற்கு மதிப்பெண் போடவே வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் தேர்வையே எடுத்துவிட்டால் என்ன?

வேண்டாம். தேர்வுகள் குறைவு என்று பேர்பெற்ற பின்லாந்தில்கூட மேல்நிலைப் படிப்பின் முடிவில் தேசிய அளவிலான தேர்வு ஒன்று உண்டு. அதுவரை பிள்ளைகளை மதிப்பிடுவது அவரவர் ஆசிரியர்தான். நம் தலைவலி தேர்வு இருப்பதால் வருவதல்ல. ஒரே தேர்வில் எல்லாவற்றையும் பணயம் வைத்துவிட்டு, அதன் பழைய வினாத்தாள்களையே பாடமாக நடத்துவதால் வருகிறது.

கேள்வி: விடைத்தாள் திருத்தியே ஓய்ந்துபோகிறேன். மதிப்பெண்ணோடு குறிப்பும் எழுத வேண்டுமா?

இரண்டையும் ஒரே தாளில் போடுவதுதான் வீண் வேலை. ரூத் பட்லர் என்ற உளவியலாளர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எண்ணைப் பார்த்ததும் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள், வேறென்ன! சிறு வகுப்புத் தேர்வுகளில் தவறான இடத்தைச் சுட்டி ஒரே ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்து, அந்த இடத்தை மட்டும் மறுபடி எழுதி வாங்குங்கள். பருவத்தேர்வுக்கு மதிப்பெண் மட்டும் போதும்.

கேள்வி: சந்தேகம் கேட்டால் "இது பரீட்சைக்கு வராது" என்கிறார் எங்கள் சார். (ஒரு மாணவர்)

போர்ஷன் அவசரத்தில் சொல்லியிருப்பார். சந்தேகத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். தேர்வு முடிந்த வாரத்தில் கொண்டுபோய்க் கேளுங்கள், அப்போது அவருக்கும் நேரம் இருக்கும்.