அக்கா கையெழுத்தை ஏஜென்ட் ஏன் போட வேண்டும்?

கேள்வி: நான் சங்ககிரிக்குப் பக்கத்தில் லாரித் தொழில் செய்கிறேன். அப்பா வாங்கிய பன்னிரண்டு சக்கர வண்டி ஒன்றுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. வண்டிக்கு ஆறு வயது. அப்பா ஜனவரி 28-ஆம் தேதி மாரடைப்பில் தவறிவிட்டார். மார்ச் 20 அன்று பெங்களூரிலிருந்து லோடு ஏற்றி வந்த வண்டி, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் முன்னால் போன டிரெய்லரின் பின்புறத்தில் மோதிவிட்டது. டிரைவருக்கு வலது கையில் எலும்பு முறிவு. கேபின் நசுங்கி, ரேடியேட்டர், முன் அச்சு எல்லாம் சேதம். பட்டறையில் 6,80,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டிருக்கிறார்கள், நகல் இணைத்திருக்கிறேன். பாலிசியில் வண்டியின் மதிப்பு 14 லட்சம். ஆர்.சி.யும் பாலிசியும் அப்பா பெயரில் இருப்பதால் வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் வேண்டும் என்கிறார், சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். பெருந்துறையில் இருக்கும் அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடம் ஆகிறது. கருமாதியன்று மச்சான் லாரிக் கணக்குக் கேட்டதில் சண்டையாகி, பேச்சு நின்றுவிட்டது. கட்டிக்கொடுத்த பெண்ணிடம் இதற்கெல்லாம் போய் நிற்காதே என்கிறார் அம்மா. அந்தக் கையெழுத்தைத் தானே பார்த்துக்கொள்வதாக ஏஜென்ட் சொல்கிறார். மாதம் 41,000 டியூ ஓடுகிறது. புது கேபின் வருவதால், வண்டி முகப்பில் அப்பா எழுதிவைத்திருந்த அக்கா பெயரை விட்டுவிட்டு என் மகள் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பு டிரிப் கணக்கு நோட்டு எழுதியது அக்காதான் என்பதால், அப்பா எல்லா வண்டிக்கும் அவள் பெயரைத்தான் வைப்பார். கம்பெனி எவ்வளவு கொடுக்கும்? சர்வேயர் சொல்லும் தொகைக்கு ஒத்துக்கொள்ளலாமா? சேலத்தில் வண்டிக் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் விடலாமா, உள்ளூர்ப் பட்டறையே போதுமா?

- பெயர் வேண்டாம், சங்ககிரி

பதில்: தம்பி, நீங்கள் கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றைப் பேசியாக வேண்டும்.

எஸ்டிமேட் நகலைப் படித்தேன். கடைசிப் பக்கத்தில் பெயின்டுக்குக் கீழே, ‘முகப்பில் பெயர் எழுத - 4,500’ என்று ஒரு வரி இருக்கிறது. சர்வேயர் இன்னும் தொகை சொல்லவில்லை, கம்பெனி ஒப்புதல் தரவில்லை, பைனான்ஸ்காரருக்குத் தெரிவித்தீர்களா என்று தெரியவில்லை. எதுவும் முடிவாகாத நேரத்தில் நீங்கள் ஒன்றே ஒன்றை முடிவு செய்திருக்கிறீர்கள்: அக்கா பெயர் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் இரண்டு எண்களை நீங்களே சேர்த்துப் பார்க்கவில்லை. அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடம். வண்டிக்கு வயது ஆறு. அப்படியென்றால் உங்கள் அப்பா, மகளைக் கட்டிக்கொடுத்து ஐந்து வருடம் கழித்துப் புது வண்டி எடுத்து, அதன் நெற்றியில் அவள் பெயரை எழுதியிருக்கிறார். கணக்கு நோட்டு எழுதியதற்கான நன்றி மட்டும் என்றால் பழைய வண்டியோடு அது முடிந்திருக்கும். அவள் வேறு வீட்டுக்குப் போய், பிள்ளை பெற்று, ஊர்க்கணக்கில் ‘கட்டிக்கொடுத்த பெண்’ ஆன பிறகும் இந்தத் தொழிலில் அவளுக்கு இடம் உண்டு என்று அவர் நினைத்திருக்கிறார். வாயால் சொல்லும் பழக்கம் நம் பக்கத்து அப்பாக்களுக்குக் குறைவு, பெயின்டரிடம் சொல்லியிருக்கிறார். சேலத்துக்கும் பெங்களூருக்கும் ஆறு வருடம் அந்தப் பெயர் போய் வந்தது. அவர் போன மூன்றாம் மாதம் அதை எடுத்துவிடச் சொல்கிறீர்கள்.

மகள் பெயரை எழுத ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அந்தக் குழந்தையும் ஒருநாள் கட்டிக்கொடுத்த பெண் ஆகப்போகிறவள்தான். அன்றைக்கு அவள் பெயரை எடுத்துவிடச் சொல்லப் போவது யார் என்று யோசித்தீர்களா? வீட்டில் நடப்பதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்கின்றன.

உங்கள் அம்மா மீது எனக்கு மரியாதை உண்டு. துக்கத்தில் இருக்கிறார். இருந்தாலும் அவர் சொன்னது தவறு, அதைப் பூசி மெழுக என்னால் முடியாது. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வண்டி அது. உயில் ஏதும் இல்லையென்றால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. ஆக, பாட்டி இல்லையென்றால், உங்களுடையது என்று நீங்கள் நினைக்கும் லாரியில் மூன்றில் ஒரு பங்கு பெருந்துறையில் இருக்கிறது. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் அக்கா பெயர் இருந்தே தீரும். கட்டிக்கொடுத்தாயிற்று என்று அங்கே யாரும் விட்டுவிட மாட்டார்கள். சட்டம் கிடக்கட்டும். மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்யும் இணைச்சீரை உங்கள் கல்யாணத்தில் செய்தது யார்? அதற்கு மட்டும் கட்டிக்கொடுத்த பெண் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வர வேண்டும், கையெழுத்து என்று வந்தால் வெளியாள் ஆகிவிடுவாளா?

அடுத்து அந்த ஏஜென்ட். ‘பார்த்துக்கொள்கிறேன்’ என்று அவர் சொன்னதன் பொருள் உங்களுக்குத் தெரியாது என்றால் நான் நம்பத் தயாரில்லை. அக்காவின் கையெழுத்தை வேறொருவர் போடப் போகிறார். ஏமாற்றும் நோக்கத்தோடு கள்ள ஆவணம் தயாரித்தால், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 336-ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. கம்பெனிக்குச் சந்தேகம் வந்து ஆள் அனுப்பி அக்காவிடம் விசாரித்தால் கிளெய்ம் அங்கேயே செத்துவிடும். கமிஷன் வாங்கிய ஏஜென்ட் அன்றைக்குப் போனை எடுக்க மாட்டார். அம்மா கையெழுத்துப் போட்ட தாளில் வாசகம் இருந்ததா, வெற்றுத் தாளா? வெற்றுத் தாள் என்றால் இன்றைக்கே திரும்ப வாங்கிக் கிழித்துப் போடுங்கள்.

இனி நாள் கணக்கு. பாலிசிதாரர் இறந்துவிட்டால் பாலிசி உடனே செத்துவிடாது. இறந்த நாளிலிருந்து மூன்று மாதமோ, பாலிசி முடியும் நாளோ, எது முந்துகிறதோ அதுவரை உயிரோடு இருக்கும். விபத்து அந்த மூன்று மாதத்துக்குள் நடந்ததால்தான் நீங்கள் தப்பித்தீர்கள்; கிளெய்ம் கேட்க வாரிசுகளுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ஏப்ரல் 28-க்குள் இறப்புச் சான்றிதழ், வண்டியின் உரிமைக்கான ஆதாரம், அசல் பாலிசி ஆகியவற்றோடு பாலிசியை மாற்றவோ புதிதாக எடுக்கவோ விண்ணப்பம் கொடுத்தாக வேண்டும். அந்த மூன்றில் நடுவில் இருப்பதற்கு மறுபடியும் அக்காவிடம்தான் போக வேண்டியிருக்கும்.

ஆர்.டி.ஓ. அலுவலகம் தனி. உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் தெரிவித்துவிட்டு, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் ஆர்.சி. மாற்றம் கேட்க வேண்டும். பெர்மிட்டுக்கும் அதே 30 நாள், அதே மூன்று மாதம். பிப்ரவரி கடைசிக்குள் தெரிவித்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. தெரிவிக்கவில்லை என்றால் கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கலாம். நாளைக்கே போய் எழுத்தில் கொடுத்து, முத்திரை வைத்த நகல் வாங்கி வையுங்கள். தாமதமானாலும் கொடுக்காததை விட மேல்.

தொகைக்கு வருகிறேன். முழுச் சேதம் என்று கணக்கிட, பழுதுச் செலவு வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். உங்களுக்கு அது பத்தரை லட்சம். எஸ்டிமேட் அதைத் தொடவில்லை, ஆகவே பழுது பார்க்கும் கிளெய்ம்தான். எஸ்டிமேட்டில் உலோகப் பாகங்கள் 3,80,000 ரூபாய்க்கு இருக்கின்றன. ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு உலோகத்தில் 40 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள்: 1,52,000 உங்கள் கையிலிருந்து. ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்குப் பாதி. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. கூலிக்கும் தேய்மானம் இல்லை.

பாலிசியில் ஐ.எம்.டி. 23 (IMT 23) என்ற கூடுதல் பாதுகாப்பின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். சரக்கு வண்டிகளுக்கு அதற்குத் தனி பிரீமியம் கட்டியிருந்தால்தான் விளக்கு, டயர், மட்கார்டு, பம்பர், சேதமான பகுதியின் பெயின்ட் ஆகியவற்றுக்குப் பாதி வரை கிடைக்கும். கட்டவில்லை என்றால் ஒரு பைசா வராது. பெயர் எழுதும் கூலி எப்படியும் உங்கள் செலவுதான். கம்பெனி தராத வரியில்தான் உங்களுக்கு அத்தனை அவசரம்!

சர்வேயர் தொகையைச் சொன்னதும் தலையாட்டாதீர்கள். எந்தப் பாகத்துக்கு எவ்வளவு கழித்தார் என்று அறிக்கை நகல் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேபினை இறக்கிய பிறகு கியர் பெட்டியிலோ சேஸிலோ புதிதாகச் சேதம் தெரிந்தால், கை வைப்பதற்கு முன் அவரைத் திரும்ப அழைத்துக் காட்டுங்கள். மாற்றிய பழைய சாமான்களைக் காயலான் கடைக்கு அனுப்பாமல் பட்டறையிலேயே வையுங்கள், பார்வைக்குக் கேட்பார்கள். பட்டறையைப் பொறுத்தவரை, லாரி பாடி கட்ட நாடே நாமக்கல்லுக்கு வருகிறது; நீங்கள் பக்கத்து ஊர்க்காரர் சேலம் ஒர்க்‌ஷாப்பைக் கேட்கிறீர்கள். கேபினும் பெயின்டும் உள்ளூரில் முடியும். ஸ்டியரிங், பிரேக், முன் அச்சு மட்டும் வண்டிக் கம்பெனி ஆட்களிடம் போகட்டும். கணவாயில் இறங்குகிற வண்டி அது.

டிரைவர் கை முறிந்து வீட்டில் கிடக்கிறார், அவருக்கு உங்கள் கடிதத்தில் கிடைத்தது ஒரே ஒரு வரி. வேலையில் இருந்தபோது அடிபட்டவர். அவருக்கு இழப்பீடு தர வேண்டியது முதலாளியின் பொறுப்பு, சம்பள டிரைவருக்கான அந்தப் பொறுப்பு உங்கள் பாலிசியிலும் அடங்கும். அவருடைய ஹெவி லைசென்ஸ் நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு, போலீஸ் பதிவு எல்லாவற்றையும் வாங்கித் தனி விண்ணப்பம் கொடுங்கள். பணம் வரும்வரை வீட்டுச் செலவுக்கு நீங்கள் கொடுங்கள். டியூவை நினைத்து வரும் அதே கவலை இதற்கும் வரட்டும்.

பெருந்துறைக்குப் போகும்போது ஏஜென்டையும் ஊர்ப் பெரியவர்களையும் கூட்டிப் போகாதீர்கள். அம்மாவை மட்டும் அழைத்துப் போங்கள்; அவர் வர மறுத்தால் தனியாகப் போங்கள். ‘கையெழுத்து வேண்டும்’ என்று ஆரம்பித்தால் உங்களைத் திண்ணையிலேயே நிறுத்தினாலும் நான் அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். வண்டியின் மதிப்பு என்ன, கடன் பாக்கி எவ்வளவு, அவள் பங்கு எவ்வளவு என்பதை முதலில் நீங்களே சொல்லுங்கள். பங்கை விட்டுக்கொடுப்பதா, பணமாக வாங்குவதா, தொழிலில் வைத்திருப்பதா என்பது அவள் முடிவு. எதுவானாலும் முத்திரைத்தாளில் எழுதி, ஒரு நகல் அவள் கையில் இருக்கட்டும்.

மச்சான் கத்துவார், கத்தட்டும். கருமாதியன்று கேட்டது நேரம் கெட்ட கேள்விதான். கேட்ட விஷயம் நியாயமானது, அதற்கு நீங்கள் இன்றுவரை பதில் சொல்லவில்லை. அப்பா போன நாளிலிருந்து விபத்து நடந்த நாள் வரை வண்டி எத்தனை டிரிப் அடித்தது, வாடகை எவ்வளவு, டீசலும் டோலும் படியும் போக மிச்சம் எவ்வளவு என்று நோட்டில் எழுதிக் கையோடு கொண்டு போங்கள். தப்பு இருந்தால் அக்கா கண்டுபிடித்துவிடுவாள், ஆகையால் ஒழுங்காக எழுதுங்கள்.