அக்ராய்ட் கொலையும் அந்தப் பத்து நிமிடமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அகதா கிறிஸ்டியின் 'ரோஜர் அக்ராய்ட் கொலை' நாவலின் தொலைக்காட்சி வடிவத்தைச் சென்ற வாரம் பார்த்தேன். டேவிட் சூஷே துப்பறிவாளர் புவாரோவாக நடித்தது. இதற்கா இத்தனை பேச்சு என்று தோன்றியது. பிறகு நாவலை வாங்கிப் படித்தேன். கொலையாளி டாக்டர் ஷெப்பர்ட் என்று தெரிந்தே படித்தும் தூக்கிவாரிப் போட்டது. கூடவே எரிச்சலும் வந்தது. கதை சொல்பவனே கொலையாளி என்பது வாசகனை ஏமாற்றுவது ஆகாதா? அதே கதை திரையில் மட்டும் ஏன் சப்பென்று இருக்கிறது?

எம். ஆர்.

அன்புள்ள எம். ஆர்.,

நாவலைப் படிக்காத நண்பர்களுக்கு உங்கள் கடிதத்திலேயே குட்டு உடைந்துவிட்டது. அவர்கள் உங்களைத் திட்டட்டும், என்னை விட்டுவிடட்டும்.

என் கதை வேறு. கல்லூரி நாட்களில் வாடகை நூல்நிலையத்தில் எடுத்த பிரதியின் முதல் பக்கத்தில் யாரோ ஒரு புண்ணியவான் 'பட்லர்தான்' என்று பென்சிலால் எழுதிவைத்திருந்தார். பட்லர் பார்க்கர் தலைகாட்டும்போதெல்லாம் அவரை முறைத்துக்கொண்டே முழு நாவலையும் படித்தேன். அந்தப் பென்சில்காரர் கிறிஸ்டியைவிடக் கெட்டிக்காரர்.

ஏமாற்று வேலை என்ற புகார் 1926இல் புத்தகம் வெளிவந்தபோதே எழுந்தது. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகளே வகுத்தார். துப்பறிபவரின் தோழர் தன் மனத்தில் ஓடுவதை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. எனக்கு அந்தப் புகாரில் உடன்பாடு இல்லை. நான்காம் அத்தியாயத்தின் அந்த இடத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். அக்ராய்டின் படிப்பறை. இறந்துபோன திருமதி ஃபெரர்ஸ், தன்னை மிரட்டிப் பணம் பறித்தவரின் பெயரை எழுதி அனுப்பிய கடிதம் வந்தது எட்டு நாற்பதுக்கு. டாக்டர் வெளியேறியது எட்டு ஐம்பதுக்கு. கடிதம் அப்போதும் படிக்கப்படவில்லை. கதவுப்பிடியில் கைவைத்தபடி திரும்பிப் பார்க்கிறார், எதையாவது செய்யாமல் விட்டுவிட்டோமா என்று யோசிக்கிறார். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முதல் வாசிப்பில் அது கலங்கிப்போன நண்பரைத் தனியே விட்டுப் போகிறவரின் கரிசனம். இரண்டாம் வாசிப்பில், கத்தியைச் செருகியவர் தன் வேலையைச் சரிபார்க்கிறார். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே, முற்றுப்புள்ளி இருக்கும் இடத்தில், ஒரு மனிதன் செத்துக் கிடக்கிறான்.

பிணம் 'கண்டுபிடிக்கப்பட்ட' பிறகு இன்னொரு வரி வருகிறது: செய்ய வேண்டியிருந்த சிறு வேலையைச் செய்தேன் என்கிறார். இறந்தவரின் குரலை ஒன்பதரை மணிக்குப் பேசவைத்த டிக்டாஃபோன் என்ற குரல்பதிவுக் கருவியைப் பைக்குள் போட்டதும், அதை மறைக்க இழுத்துவிட்டிருந்த நாற்காலியைச் சுவரோரம் தள்ளியதும்தான் அந்தச் சிறு வேலை. கடைசி அத்தியாயத்தில் டாக்டரே இந்த வரிகளை எடுத்துக்காட்டித் தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கொள்கிறார். வாசகனை ஏமாற்றியவர் இப்படி வவுச்சர் காட்டிக் கணக்கு ஒப்படைப்பாரா?

திரையில் இந்த முற்றுப்புள்ளிக்கு இடமில்லை. டாக்டர் படிப்பறையிலிருந்து வருகிறார் என்று காட்டினால், வருகிறார், அவ்வளவுதான். எழுத்தில் அவர் நம் கண். திரையிலோ சந்தேகப்பட வேண்டிய ஏழெட்டுப் பேரில் அவரும் ஒருவர்.

இன்னொன்றும் நடந்தது. நாவலில் புவாரோ ஓய்வுபெற்று, கிங்ஸ் ஆபட் கிராமத்தில் பூசணி வகைக் காய் ஒன்றைப் பயிரிட்டுக்கொண்டிருக்கிறார். வழக்கமாகக் கதை சொல்லும் ஹேஸ்டிங்ஸ் அர்ஜென்டினாவுக்குப் போய்விட்டார். தோழரின் இடம் காலி. நாம் பழக்கதோஷத்தில் டாக்டரை அங்கே உட்காரவைக்கிறோம், கிறிஸ்டி நம்மைத் தடுப்பதில்லை, அவ்வளவுதான். 2000ஆம் ஆண்டின் தொலைக்காட்சி வடிவத்துக்குத் திரைக்கதை எழுதிய கிளைவ் எக்ஸ்டன், நாவலில் இல்லாத இன்ஸ்பெக்டர் ஜாப்பைக் கொண்டுவந்து அந்த இடத்தில் உட்காரவைத்துவிட்டார். கதையின் அஸ்திவாரம் அங்கேயே போயிற்று. பிறகு டாக்டர், பார்க்கரைக் காரேற்றிக் கொல்கிறார், துப்பாக்கியும் கையுமாக ஓடுகிறார். நாவலில் அவர் எழுதி முடித்துவிட்டு வெரோனல் என்ற தூக்க மருந்தை அளவுக்கு மீறி எடுத்து உயிரைவிடப்போகிறார். அவர் மிரட்டிப் பணம் பறித்த திருமதி ஃபெரர்ஸ் உயிரைவிட்டதும் அதே மருந்தால்தான். சூஷேயின் நடிப்பில் எனக்குக் குறையே இல்லை. வாய்த்த காகிதம் அப்படி.

டாக்டரின் அக்கா கரோலின் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். வீட்டைவிட்டு நகராமல், பால்காரரையும் வேலைக்காரப் பெண்ணையும் வைத்தே ஊர்ச் செய்தி முழுவதையும் திரட்டிவிடும் பெண்மணி. 1928இல் இந்த நாவலை மேடையேற்றியவர்கள் அவளை எடுத்துவிட்டு ஓர் இளம்பெண்ணைப் போட்டார்கள். கிறிஸ்டிக்கு அது மிகவும் வருத்தம். கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான மிஸ் மார்ப்பிள் பிறந்தது அந்த வருத்தத்திலிருந்தாக இருக்கலாம் என்று அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

நீங்கள் மறுபடி படித்தால் ஓர் இடத்தில் நிதானியுங்கள். டாக்டர் தான் எழுதிவந்த இருபது அத்தியாயங்களையும் புவாரோவிடம் தானே கொடுக்கிறார். புவாரோ உட்கார்ந்து முழுக்கப் படிக்கிறார். விவரமெல்லாம் துல்லியம், உங்கள் பங்கைப் பற்றி மட்டும் அடக்கமாக இருந்துவிட்டீர்கள் என்கிறார். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அப்போதும் என் கண் பார்க்கர் மேல்தான் இருந்தது.