படிவத்தில் எழுதிய தேதி மாடலுக்குள் வர மறுக்கிறதே?

கேள்வி: ஜாவாவில் வலைச் செயலி எழுத உதவும் ஸ்பிரிங் எம்விசியில் மாணவர் பதிவுப் படிவம் ஒன்றை அமைத்துள்ளேன். பெயர் ஒழுங்காக மாடலில் (படிவத் தகவலைத் தாங்கும் ஆப்ஜெக்டில்) சேர்கிறது. பிறந்த தேதியை 25-06-2008 என்று எழுதி அனுப்பினால் 400 பிழை (கோரிக்கை தவறு என்ற பதில்) வருகிறது. மாற்றத்தில் வரும் பிழைகளைப் பிடித்துத் தரும் பைண்டிங்ரிசல்ட் சேர்த்தும் பயனில்லை. எங்கே தவறு?

பதில்: பிரவுசர் அனுப்புவது எல்லாமே வெறும் எழுத்துச் சரம்தான். புலத்தின் பெயருக்கு ஒத்த, மதிப்பை இடும் மெத்தடான செட்டரைத் தேடிப் பிடித்து, அது கேட்கும் வகைக்கு அந்தச் சரத்தை மாற்றித் தருவதே ஸ்பிரிங்கின் வேலை. பெயர் ஸ்டிரிங் என்பதால் சிக்கலில்லை. தேதிக்கான லோக்கல்டேட் வகைக்கோ நீங்கள் எழுதும் வடிவம் எதுவென்று சொல்லியாக வேண்டும். அந்தப் புலத்தின் மேல் டேட்டைம்ஃபார்மேட் அன்னொட்டேஷனை (@ எனத் தொடங்கும் குறிப்பை) இட்டு, நாள்-மாதம்-ஆண்டு (dd-MM-yyyy) என்ற பேட்டர்னைக் கொடுங்கள். மாதத்துக்குப் பெரிய எம் எழுத வேண்டும்; சிறிய எம் நிமிடத்தைக் குறிக்கும். பலரும் வழுக்கி விழும் இடம் இது.

பைண்டிங்ரிசல்ட் பயனற்றுப் போனதற்கு, படிவத்தைப் பெறும் மெத்தடில் அதன் இடம்தான் காரணமாக இருக்கும். மாணவர் ஆப்ஜெக்டுக்கு அடுத்தபடியாகவே அது நிற்க வேண்டும். இடையில், பக்கத்துக்குத் தகவல் அனுப்பும் ‘மாடல்’ என்ற பாராமீட்டர் நுழைந்துவிட்டால், பிழை உங்கள் கைக்கு வராமல் 400 ஆகவே வெளியேறும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டேட்டாபேஸ் அட்டவணைக்கு நேரான கிளாஸான என்டிட்டியையே படிவத்தோடு இணைத்திருந்தால், படிவத்தில் இல்லாத ‘ரோல்’ (பயனரின் அதிகார நிலை) போன்ற புலத்தையும் ஒருவர் கோரிக்கையில் சேர்த்து அனுப்பி மாற்றிவிட முடியும். படிவத்துக்கெனத் தனி கிளாஸ் எழுதி, தேவையான புலங்களை மட்டும் அதில் வையுங்கள்.