நீள வரிகளும் ஜன்னல் ஓரங்களும்: எடிட்டர் வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: இலவச எடிட்டரில் பத்தி முழுவதும் ஒரே வரியாக வலப்பக்கம் ஓடியது. தரமில்லை என்று நினைத்து ஆண்டுச் சந்தா கட்டி வேறொன்று வாங்கினேன். அதிலும் அப்படியே ஓடுகிறது.

பதில்: நீள வரியை ஜன்னல் ஓரத்தில் மடித்துக் காட்டும் வேர்டு ரேப் வசதி அணைந்திருக்கிறது. விஎஸ் கோட் எடிட்டரில் ஆல்ட்டோடு இசட் தட்டினால் போதும். நோட்பேடில் மெனுவிலேயே இருக்கிறது. பணம் கட்டும் முன் மெனுவைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். சந்தாவை ரத்து செய்ய இன்னும் அவகாசம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கேள்வி: எழுதுவதற்கென்றே பணம் கொடுத்து ஒரு செயலி வாங்கினேன். என் திரையில் அழகாக இருக்கிறது. அனுப்பினால், பெறுபவர் திரையில் ஒரு வரி முழுதாக, அடுத்தது கால் வரியாக, மாறி மாறி விழுகிறது. விற்றவர்கள் “பெறுபவரின் எடிட்டர் சரியில்லை” என்கிறார்கள்.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். பெறுபவர் மீது எந்தத் தவறும் இல்லை.

நீள வரியை எடிட்டர் இரண்டு விதமாகக் கையாளலாம். திரையில் மட்டும் மடித்துக் காட்டுவது ஒன்று. ஜன்னலைக் குறுக்கினால் மடிப்பும் நகரும், ஃபைலில் ஒரு பைட்கூட மாறாது. குறித்த அகலம் வந்ததும் ஃபைலுக்குள்ளேயே என்டர் தட்டிவிடுவது மற்றொன்று. உங்கள் செயலி இரண்டாவதைச் செய்கிறது. 80 எழுத்தில் உடைத்த வரி 60 எழுத்து அகல ஜன்னலுக்குள் போனால் 60, 20, 60, 20 என்றுதான் விழும். நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

என்டர் வைத்து உடைப்பதே குற்றம் என்று சொல்லவில்லை. மின்னஞ்சல் விதி ஒரு வரியை 78 எழுத்துக்குள் வைக்கச் சொல்கிறது, 998ஐத் தாண்டவே கூடாது என்கிறது. நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் எழுதும் குறிப்புகளை 72இல் உடைப்பது பழக்கம். 80 என்ற எண்ணே ஐபிஎம்மின் 1928ஆம் ஆண்டுத் துளை அட்டையில் இருந்த 80 நெடுவரிசைகளிலிருந்து வந்தது. என் கோபமெல்லாம் கேட்காமல் உடைப்பதன் மீதுதான். நானோ எடிட்டர் 2019இல் வந்த 4.0 பதிப்புக்கு முன்புவரை இயல்பாகவே இதைச் செய்தது. செட்டிங்ஸ் ஃபைலில் # குறியோடு தொடங்கும் நீளமான குறிப்பு வரியைத் திருத்தினால், அது இரண்டாக உடைந்து பின்பாதி # இல்லாமல் நிற்கும். அந்தப் பாதியைக் கட்டளை என்று நினைத்து நிரல் கிளம்பவே மறுக்கும். அதை அவர்கள் திருத்திவிட்டார்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் இன்றும் அதையே செய்தால் மன்னிக்க முடியாது.

இனி வாங்குவோர் சோதனைக் காலத்திலேயே இதைச் செய்யுங்கள். என்டரே இல்லாத 500 எழுத்து வரி ஒன்று, உள்தள்ளிய நீள வரி ஒன்று, இடைவெளியே இல்லாத 200 எழுத்து இணைய முகவரி ஒன்று: மூன்றையும் ஒரு ஃபைலில் வைத்து நகல் எடுங்கள். நகலைத் திறந்து, ஜன்னலைப் பாதியாகக் குறுக்கி, 500 எழுத்து வரியின் நடுவே ஓர் எழுத்தைச் சேர்த்து, அதையே அழித்துச் சேமியுங்கள். பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். ஃபைல் அளவை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். இடைவெளியை எடுத்துவிட்டு அதே இடத்தில் என்டரை வைத்தால் பைட் எண்ணிக்கை மாறாமலே இருக்கும். வரிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள், அல்லது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணான செக்சம் எடுங்கள். கடைசியில் ஒரு வரிமுறிவு மட்டும் கூடியிருந்தால் அது பல எடிட்டர்களின் வழக்கம், விட்டுவிடலாம். நடுவில் கூடியிருந்தால் வாங்காதீர்கள்.

கெட்டுப்போன ஃபைலை மீட்க, தேடி மாற்றும் வசதியில் மூன்று படிகள். அடுத்தடுத்த இரண்டு என்டர்களை @@@ போன்ற, உரையில் எங்கும் இல்லாத குறியாக மாற்றுங்கள். மீதமுள்ள ஒற்றை என்டர்களை இடைவெளியாக்குங்கள். பிறகு @@@ஐத் திரும்ப இரண்டு என்டர்களாக்குங்கள். கவிதை, பட்டியல், அட்டவணை இருந்தால் அவையும் ஒட்டிக்கொள்ளும், ஆகவே அவற்றை முதலிலேயே தனியே வெட்டி வையுங்கள். பத்திகளுக்கு நடுவே வெற்று வரி இல்லாத ஃபைலுக்கு இந்த வழி உதவாது.

கேள்வி: ஒரே வரியில் 2 எம்பி ஜேசன் (தரவு வைக்கும் ஓர் உரை வடிவம்) ஃபைல். திறந்தாலே எடிட்டர் உறைகிறது. ரேமை 8இலிருந்து 32 ஜிபி ஆக்கினேன். பயனில்லை.

பதில்: இருக்காது. 2 எம்பிக்கு 8 ஜிபியே தேவைக்கு மிக அதிகம். வாங்கும் முன் டாஸ்க் மேனேஜரைப் பார்த்திருந்தால், நினைவகம் காலியாகவும் சிபியுவின் ஒரு கோர் மட்டும் முழு ஓட்டத்திலும் இருந்தது தெரிந்திருக்கும். எங்கே மடிப்பது, எந்தச் சொல்லுக்கு என்ன நிறம் என்பதைப் பல எடிட்டர்கள் வரி வரியாகக் கணக்கிடுகின்றன. ஒரே வரி 20 லட்சம் எழுத்து என்றால் ஒவ்வொரு அசைவுக்கும் அத்தனையையும் துழாவ நேரிடும். விஎஸ் கோட் இயல்பாக 20,000 எழுத்தைத் தாண்டிய வரிக்கு நிறம் தருவதில்லை, 10,000க்கு மேல் வரைவதுமில்லை. அதனால் வரி பாதியில் நின்றால் ஃபைல் கெட்டுவிட்டதாக அஞ்ச வேண்டாம். ஈமாக்ஸ் எடிட்டர் என்றால் 29ஆம் பதிப்புக்கு மாறுங்கள், நீள வரியில் நல்ல முன்னேற்றம். எதில் திறப்பதானாலும் முதலில் ஜேசனைக் கையாளும் ஜேக்யூ கட்டளையால் வரிவரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு ஃபைல்களை அருகருகே வைத்து வேலை செய்ய 1920 பிக்சல் லேப்டாப் வாங்கினேன். 80 எழுத்து வரி இரண்டு பக்கமும் மடிந்துவிடுகிறது.

பதில்: பெட்டியில் இருந்த எண் உண்மைதான், ஆனால் முழு உண்மையில்லை. சம அகல எழுத்துருவில் ஓர் எழுத்தின் அகலம் அதன் அளவில் ஏறக்குறைய 0.6 பங்கு. 14 பிக்சல் எழுத்து 8.4 பிக்சல் பிடிக்கும். 80 எழுத்துக்கு 672, இரண்டு பக்கத்துக்கு 1,344. வரி எண், மடிப்புக் குறி, மாற்றக் குறி எல்லாம் நிற்கும் இடது ஓரத்துக்குப் பக்கத்துக்கு 60 சேருங்கள்: 1,464. 1920இல் தாராளமாக அடங்க வேண்டியது. ஆனால் சிறிய திரைகளில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங் 150 சதவீதமாக வைத்தே வருவதுண்டு. அப்போது உங்கள் கைக்கு வருவது 1,280தான். 125க்கு இறக்கினால் 1,536 கிடைக்கும், பக்கப்பட்டியையும், ஃபைலைச் சிறிதாக்கிக் காட்டும் மினிமேப்பையும் மூடினால் அடங்கிவிடும். கண்ணுக்குச் சிறிதாக இருந்தால் பெரிய மானிட்டர்தான் வழி. அதற்காக மிக அகலமானதற்குப் பாய வேண்டாம். நான் வாங்கிய 3,440 பிக்சல் திரை இந்தக் கணக்கைப் போடாமல் வாங்கியது: ஒரு வரிக்கு 409 எழுத்து, வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண் பிடிப்பதே பாடு.

கேள்வி: 80ஆம் எழுத்தில் கோடு காட்டும் துணைச்செயலிக்கு மாதச் சந்தா நியாயமா?

பதில்: இல்லை. விஎஸ் கோடில் ‘ரூலர்ஸ்’, விம் எடிட்டரில் ‘கலர்காலம்’, ஈமாக்ஸில் 27ஆம் பதிப்பிலிருந்து, கூடவே வருகிறது.

கேள்வி: அந்தக் கோடு தமிழ் வரிகளுக்கு ஒத்துவரவில்லை. எழுத்துரு வாங்கினால் தீருமா?

பதில்: தீராது. ‘வாழ்க்கை’ நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு எட்டுக் குறியீடுகள், எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 24 பைட்டுகள். எதை எண்ணுவது என்பதில் கருவிகளே ஒத்துப்போவதில்லை, எழுத்துகளின் அகலமும் ஒன்றுபோல் இல்லை. பைட்டை எண்ணி 80இல் வெட்டும் பழைய கட்டளையில் இடைவெளியில்லாத தமிழைக் கொடுத்தால் 27ஆவது குறியீட்டின் நடுவில் வெட்டு விழுந்து, இரு பக்கமும் கேள்விக்குறிக் கட்டம் நிற்கும். தமிழ் உரையைத் திரையில் மட்டும் மடியுங்கள். என்டரால் உடைக்கவே வேண்டாம்.

கேள்வி: இருபுறமும் அகல வெற்றிடம் விட்டு நடுவில் எழுத்து காட்டும் செயலி வாங்கலாமா?

பதில்: அந்த வெற்றிடம் ஒன்றுக்காகவே என்றால் வேண்டாம். அகலத்தைக் கட்டுப்படுத்துவது நல்ல காரியம்தான். ஆங்கில அச்சில் வரிக்கு 45 முதல் 75 எழுத்து வசதி என்பார்கள். விஎஸ் கோடில் ரேப் முறையை ‘பவுண்டட்’ ஆக்கி அகலம் 66 என்று கொடுத்து, எழுத்தை நடுவில் நிறுத்தும் ‘சென்டர்டு லேஅவுட்’ அமைப்பை இயக்குங்கள். ஈமாக்ஸில் விசுவல் லைன் மோட் ஜன்னல் ஓரத்தில்தான் மடிக்கும். ‘விசுவல் ஃபில் காலம்’ என்ற இலவசப் பொதி ஓரங்களை உள்ளே தள்ளும். விம்மில் ஜன்னலையே குறுக்க வேண்டும். அங்கே ‘டெக்ஸ்ட்விட்த்’ தொட்டுவிடாதீர்கள், அது ஃபைலுக்குள் என்டர் வைக்கும்.

கேள்வி: விம்மில் கீழே நகர்த்தினால் கர்சர் பத்தியையே தாண்டிவிடுகிறது. கீபோர்டு மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஜே விசை ஃபைலில் உள்ள அசல் வரிக்கு நகரும். ஜி தட்டி ஜே தட்டினால் திரை வரிக்கு நகரும்.