ஓவியத்துக்குள் கவிதை: வாசகர் கேள்விகள்

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளாக ஓவியம் வரைகிறேன், கவிதையும் எழுதுகிறேன். அண்மையில் என் வரிகளை ஓவியத்தின் மீதே எழுதத் தொடங்கினேன். ஆனால் படம் சுவரொட்டிபோல ஆகிவிடுகிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: தவறு கையெழுத்தில் இல்லை, அந்த வரிக்கு நீங்கள் கொடுத்திருக்கும் வேலையில் இருக்கிறது. படிக்கத் தெரிந்த கண் ஒரு படத்தில் எழுத்தைக் கண்டால் முதலில் அங்கேதான் போகும், படித்து முடித்ததும் படத்தையே பார்த்து முடித்ததாக எண்ணி நகர்ந்துவிடும். மழையை வரைந்து, அதன் கீழே மழையைப் பற்றிய நான்கு வரிகளை நானும் எழுதியிருக்கிறேன். வந்தவர்கள் வரிகளைப் பாராட்டினார்கள், வரைந்த மழையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அடுத்த படத்தில் கரித்துண்டால் எழுதி, அதன்மேல் நீர்த்த வெள்ளை வண்ணத்தைப் பூசினேன். கரி கரைந்து சாம்பலாகப் பரவ, இரண்டு சொற்கள் மட்டும் தெளிவாக நின்றன. அவற்றைப் படிப்பதற்காக முகத்தை அருகே கொண்டுவந்தவர்கள், வந்த இடத்தில் வண்ணத்தையும் பார்த்தார்கள்.

ஜப்பானியக் கவிஞர் யோசா பூசோன் (1716–1784) ஹைக்கூவையும் படத்தையும் ஒரே தாளில், ஒரே மையில், ஒரே தூரிகையால் இட்டவர். அவருடைய எழுத்தின் கோடும் உருவத்தின் கோடும் ஒரே கையின் அசைவு என்பதால் ஒன்று மற்றொன்றின் மேல் ஒட்டவைத்ததுபோலத் தெரிவதில்லை. உங்கள் சிக்கலுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது: ஓவியத்தை எதனால் வரைகிறீர்களோ, வரியையும் அதனாலேயே எழுதிப் பாருங்கள். படம் சொல்லிவிட்டதைக் கவிதை திரும்பச் சொல்ல வேண்டாம். நிலாவை வரைந்துவிட்டால் 'நிலா' என்ற சொல்லை அடித்துவிடுங்கள். தாகூரின் ஓவியமே அடித்தலில்தான் தொடங்கியது. கையெழுத்துப் படியில் வேண்டாத சொற்களை அடித்த இடங்களைக் கோடுகளால் இணைத்து, அவற்றைப் பறவையாகவும் விலங்காகவும் மாற்றிக்கொண்டே போனார்.

கேள்வி: ஓவியர்கள் என்னைக் கவிஞர் என்கிறார்கள், கவிஞர்கள் ஓவியர் என்கிறார்கள். இது என் தொழில் வாழ்க்கையைப் பாதிக்குமா?

பதில்: சில காலம் பாதிக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் 1789-இல் தன் கவிதைகளையும் படங்களையும் ஒரே செப்புத்தகட்டில், அச்சில் நேராக விழுவதற்காக எழுத்துகளை வலமிடமாகத் திருப்பி எழுதி, தாமே அச்சிட்டார். அந்த நூல்கள் மிகச் சில படிகளே விற்றன. பிறருக்குச் செதுக்கிக் கொடுத்த வேலைதான் அவருக்குச் சோறு போட்டது. தாகூரின் ஓவியங்கள் பாரிஸில் காட்சிக்கு வந்தது 1930-இல்தான். அப்போது அவர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். எனவே வருமானம் தரும் வேலையை விடாதீர்கள். ஆனால் இந்தக் கலப்புப் படங்களை மற்றவற்றோடு ஒன்றிரண்டாகக் கலந்து காட்டாமல், ஒரே தொடராகச் சேர்த்து வைத்துக் காட்டுங்கள். தனியாகத் தொங்கும் ஒரு படம் விளையாட்டாகத் தோன்றும், பத்துப் படங்கள் சேர்ந்தால் அது உங்கள் மொழி என்பது எவருக்கும் புரியும்.

கேள்வி: பிற கவிஞர்களின் வரிகளை எழுதலாமா?

பதில்: கவிஞர் மறைந்து 50 முதல் 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும் நாடுகளே மிகுதி. அந்தக் காலம் முடியாத வரிகளுக்கு, படத்தைக் காட்சிக்கோ விற்பனைக்கோ வைக்கும் முன்பே உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்; படத்தின் பின்புறம் கவிஞரின் பெயரையும் எழுதிவையுங்கள்.