வாய்க்கால் கடைசி வயல்காரர்

வணக்கம் அக்கா,

எனக்குச் சொந்த இடம் மல்லாவி. கொழும்பில், பெரிய வெளிநாட்டு விளையாட்டு உடை நிறுவனம் ஒன்றின் அலுவலகத்தில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். போன மாதம் ‘ஸ்டேக்ஹோல்டர் மனேஜ்மெண்ட்’, அதாவது ஒரு வேலையோடு சம்பந்தப்பட்ட எல்லாத் தரப்பையும் சமாளிக்கிறது பற்றிப் பயிற்சி வைத்தார்கள். ஒரு சதுரத்தை நாலாகப் பிரித்து, அதிகாரம் எவ்வளவு, அக்கறை எவ்வளவு என்று பார்த்து ஆட்களைப் பெட்டிகளுக்குள் போடச் சொன்னார்கள். டிசைன்காரர், தரப்பிரிவு, கடைக்காரர் எல்லாரையும் மேல் பெட்டியில் போட்டேன். கிளிநொச்சியில் தைக்கிற பிள்ளைகளை ‘தகவல் கொடுத்தால் போதும்’ என்ற பெட்டியில் போட்டேன். சரி என்றார்கள். என் மச்சாளும் அங்கே தையல் லைனில்தான் இருக்கிறாள். அன்றிரவு நித்திரை வரவில்லை. நான் செய்தது பிழையா? இத்தனை பேரையும் எப்படிச் சமாளிக்கிறது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

பயிற்சிக் கணக்கில் பிழை இல்லை. அந்தச் சதுரம் கேட்கிற கேள்வி, இன்றைக்கு யார் உங்களைக் குழப்பலாம் என்பது மட்டும்தான். பிழை முதலில் யார் கண்ணில் படும் என்று அது கேட்பதில்லை.

நானும் சில வருடம் ஒரு தொழிற்சாலையில் தரப்பிரிவில் இருந்தவள். ஒரு முறை லெக்கிங்ஸ் ஓடர் ஒன்று. இடுப்புக்கு வைக்கிற இலாஸ்டிக்கைச் சுருளிலிருந்து எடுத்தால், அது பழைய அளவுக்குச் சுருங்கும்வரை ஒரு நாளாவது விரித்து வைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். அவசரத்தில் யாரோ உடனே வெட்டிவிட்டார்கள். காலையில் தைத்த பட்டி பின்னேரம் சுருங்கி நெளிந்து கிடப்பதை முதலில் கண்டது தர்மபுரத்துப் பிள்ளை ஒருத்தி. சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறாள். அவருக்கு மணிக்கு இத்தனை என்று டார்கெட். “நீ தை பிள்ளை” என்றுவிட்டார். கடைசிச் சோதனையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பத் தைத்து முடிக்கக் கப்பல் போய்விட்டது. சாமான் விமானத்தில் போனது. அந்தக் காசு தொழிற்சாலையின் தலையில். மேல் பெட்டிக்காரர் எல்லாரும் அந்தக் கிழமை முழுக்க ஸூமில் கதைத்தார்கள். அந்தப் பிள்ளையிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும்தான்.

இன்னொன்று. வாங்குகிறவர்களின் திட்டத்தில் சீனப் புத்தாண்டு கட்டாயம் குறித்திருக்கும், துணி ஆலைகள் பூட்டுமே. வற்றாப்பளை அம்மனின் வைகாசி விசாகப் பொங்கல் அதில் இருக்காது. அந்தத் திங்கட்கிழமை முல்லைத்தீவுப் பக்க பஸ் பாதி வெறுமையாக வரும் என்பது லைனில் இருக்கிற எந்தப் பிள்ளைக்கும் மாசியிலேயே தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

இந்த ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்ற சொல் வன்னிக்குப் புதிதில்லை. 2009க்குப் பிறகு நாங்கள் இருக்காத ஸ்டேக்ஹோல்டர் கூட்டமா? பிளாஸ்டிக் கதிரை, வரவுத்தாளில் கையெழுத்து, பெட்டியில் ஒரு ரோல்ஸ். அதைத் தமிழில் ‘பங்குதாரர்’ என்று எழுதி வைத்திருப்பார்கள். ஒரு கூட்டத்தில் அப்பு ஒருவர் எழும்பி, “அப்ப என்ர பங்கு எவ்வளவு?” என்று கேட்டார். சிரித்தார்கள். பதில் வரவில்லை.

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தையே பாருங்கள். யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் வேண்டும், அதில் இரண்டு கதை இல்லை. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு 2010இல் தொடங்கிய திட்டத்தில் தண்ணீர் இரணைமடுவிலிருந்து போவதாக இருந்தது. வங்கி, அமைச்சு, நீர்வழங்கல் சபை எல்லாம் மேல் பெட்டி. கமக்காரர் ‘தகவல் கொடுத்தால் போதும்’ பெட்டி. ஆனால் சிறுபோகத்துக்கு, அதாவது மழையில்லாத காலத்து நெல்லுக்கு, முழு வயலையும் விதைக்கக் குளத்துத் தண்ணீர் காணாது என்பதும், இருக்கிற தண்ணீரைப் பங்கு போட்டுத்தான் விதைக்கிறோம் என்பதும் வாய்க்கால் கடைசி வயல்காரருக்குத்தான் உடம்பில் தெரியும். அவர்கள் மறித்தார்கள். கடைசியில் யாழ்ப்பாண மாவட்டத்துக் கரையோரம் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். கீழ்ப் பெட்டி மேல் பெட்டியானதற்கு இதைவிட வேறு உதாரணம் எதற்கு?

உங்கள் தொழிலிலும் இதே கதைதான். ஆசியத் தொழிற்சாலைகளில் நடப்பது பற்றித் தொழிலாளர் அமைப்புகள் 90களில் கத்தக் கத்த, அது தங்கள் தொழிற்சாலை இல்லை என்ற மாதிரித்தான் நைக்கி நடந்துகொண்டது. 1998இல் நிறுவனர் பில் நைட்டே மேடையேறி, நைக்கி என்றால் அடிமைக் கூலி, கட்டாய மேலதிக வேலை என்று ஆகிவிட்டதாக ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. தனக்குத் தைத்துக் கொடுக்கிற தொழிற்சாலைகளின் பட்டியலை வெளியிட 2005 ஆனது.

கடைக்காரரை மேல் பெட்டியில் போட்டேன் என்கிறீர்கள். அந்தப் பெட்டியும் நிரந்தரமில்லை. அதே நைக்கி, நேரடியாகவே விற்கலாம் என்று பல கடைகளைக் கைவிட்டது. 2023இல் அவற்றில் சிலவற்றிடம் திரும்பப் போனது. 2024 ஒக்டோபரில் தலைமைக்குக் கொண்டுவந்தது, 1988இல் பயிலுநராகச் சேர்ந்து, பிறகு ஓய்வுபெற்றுப் போயிருந்த எலியட் ஹில்லை.

எல்லாரையும் சமாளிக்கிறது பற்றிக் கேட்டீர்கள். டிசைன்காரரைப் பற்றி எனக்குப் பெரிதாகக் கவலை இல்லை. அவர்களுக்கு வாய் இருக்கிறது, தாங்களாகவே ஈமெயில் போடுவார்கள். மாற்றம் கேட்டால், அதற்கு எத்தனை நாள், யாருடைய காசு என்று அதே ஈமெயிலில் எழுதிவிடுங்கள். பாதி மாற்றம் அங்கேயே நின்றுவிடும்.

தொழிற்சாலைக்குப் போகிற நாளில் மட்டும் கொஞ்சம் கவனம் எடுங்கள். மீட்டிங் அறையில் ஏசியைப் போட்டு, தேநீரும் பிஸ்கட்டும் வைத்து, அழகான ஸ்லைட் காட்டுவார்கள். பிழை இல்லை, குடியுங்கள். அப்புறம் பிழை திருத்துகிற பிள்ளைகள் இருக்கிற மேசைக்குப் போய், எதை அதிகம் பிரிக்கிறார்கள் என்று கேளுங்கள். முதல் தடவை சொல்ல மாட்டார்கள். மூன்றாம் தடவை சொல்வார்கள்.

மச்சாளிடமும் கேட்கலாம். ஆனால் அவள் சொன்னதை அவள் பெயரோடு மீட்டிங்கில் எடுத்துவிடாதீர்கள். அடுத்த நாள் காலை லைனில் நிற்கப் போவது அவள்தான்.