திருக்கை முள் குத்திய காலுக்கு ஐஸ் வேண்டாம்

தொண்டிக் கடலில் முழங்கால் தண்ணீரில் திருக்கை மீனை மிதித்த உங்கள் தம்பிக்கு, காரைக்குடி திரும்பும் வழியெல்லாம் ஐஸ் வைத்தும் வலி குறையவில்லை என்கிறீர்கள். ஐஸை எடுத்துவிடுங்கள். முள்ளிலிருந்து ஏறிய விஷம் புரதம், சூட்டில்தான் சிதையும். காயத்தைக் கழுவி, 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் காலை முக்கி வையுங்கள். சூட்டை மற்ற காலால் பாருங்கள். குத்துப்பட்ட காலுக்குச் சூடு சரியாக உறைக்காது, வெந்துபோகும். ஆற ஆற, காலை வெளியே எடுத்துவிட்டு வெந்நீர் சேருங்கள்.

வலி அடங்கினாலும் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். முள்ளின் இரு ஓரமும் ரம்பப் பல். துணுக்கு உள்ளே தங்கினால் சீழ் பிடிக்கும். எக்ஸ்ரே, டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்கவே கூடாது.

அடுத்த முறை பாதத்தைத் தூக்காமல் மணலை உரசியபடி நடக்கச் சொல்லுங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வு உணர்ந்து விலகிவிடும்.